டிக் விழுந்தது, ஆள் வரவில்லை

பூர்ணிமாவை எனக்கு ஆரம்பத்தில் சுத்தமாகப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து, உனக்கு அவள்மேல் பாசம், அதனால்தான் இப்படி எழுதுகிறாய் என்று சொல்லக் கூடாது. பாசம் பின்னால் வந்தது. அதற்கு முன்னால் ஒரு வருஷம், அவள் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் உமாதேவி. ஒரகடத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கும் சின்ன கம்பெனியில் மென்பொருள் எழுதுகிறேன். சுற்றியிருக்கும் தொழிற்சாலைகளுக்கு ஆப் செய்து கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை, பெயர் வேண்டாம், எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். அதன் கேட்டை ஒட்டிய அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவள்தான் பூர்ணிமா. முப்பத்தொரு வயது. சேரப்பணஞ்சேரிக்காரி. வேறொரு கம்பெனியின் உற்பத்தி லைனில் ஆறு வருஷம் ஸ்க்ரூ முடுக்கி, மணிக்கட்டு வீங்கி, இனி அந்த வேலை ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே வந்தவள். வீட்டுக்காரர் பாபு கம்பெனி பஸ் ஓட்டுகிறார்.

அந்தத் தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையில் வருகிறவர்கள் கேட்டிலேயே போனை அணைத்து, லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். ஷிப்ட் முடிந்து வந்துதான் திறக்கலாம். ஆயிரத்து இருநூறு பேர். பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்துப் பிள்ளைகள். ஊரில் ஒன்று என்றால் வீட்டார் கூப்பிடுவது பூர்ணிமாவின் மேசைக்குத்தான். அவள் விஷயத்தைக் கேட்டு டைப் செய்து அனுப்புவாள். அது அந்த ஆளின் லைனில், சூப்பர்வைசருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் டேப்லட்டில் மணியடித்து வரும். சூப்பர்வைசர் ஆளை அனுப்பிவைப்பார். இந்த ஆப்பை எழுதியது நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். ஆப்பில் கேட் மேசை ஒரு பகுதி, லைன் டேப்லட் ஒரு பகுதி, வருகைப் பதிவு ஒரு பகுதி, கேன்டீன் ஒரு பகுதி. இவை ஒன்றோடு ஒன்று நேரில் பேசுவதில்லை. ஒரு பகுதியில் ஏதாவது நடந்தால் 'இன்னது நடந்தது' என்று பொதுவில் ஒரு குரல் கொடுக்கும். அதற்கு ஈவென்ட் என்று பெயர். யாருக்கு அந்தச் செய்தி தேவையோ அவர்கள் முன்கூட்டியே காது வைத்திருப்பார்கள். அந்தக் காதுக்கு லிசனர் என்று பெயர். குரல் கொடுப்பவருக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. தெரியவும் வேண்டாம். நாளைக்குப் புதிதாக ஒரு பகுதியைச் சேர்த்தால் பழையதைத் தொடவே வேண்டாம். எங்கள் தொழிலில் இதை நல்ல கட்டமைப்பு என்போம். யாருமே கேட்காவிட்டாலும் குரல் கொடுத்தவருக்கு ஒன்றும் தெரியாது, பிழை என்றுகூட எதுவும் வராது. இதையும் நாங்கள் அறிவோம், ஆனால் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை.

பூர்ணிமாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆப் கொடுத்த மூன்றாவது மாதமே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், அனுப்பிச்சா பச்சையா டிக் வுழுது. சரி. அவங்க பாத்தாங்களா இல்லியான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேண்டியதில்ல. சொல்றது உன் வேலை. கேக்கறது அவங்க வேலை. டிசைனே அப்படித்தான்."

"இன்னா டிசைன் மேடம் இது? வூட்ல கொழந்தையக் கூப்ட்டாகூட 'ஆங்'னு ஒரு கொரல் வந்தாத்தானே நாம்ப கம்முனு இருப்போம்?"

"நீ மேசையப் பாரு பூர்ணிமா. ஆப்ப நான் பாத்துக்கறேன்" என்றேன். வாய் எனக்கு அப்படி. வீட்டிலும் இதற்காகத் திட்டு வாங்குகிறேன்.

அவள் விடவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் அதையே கேட்பாள். இவளுக்கு வம்பு வேண்டும், அதுதான் இவ்வளவு துடிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். அதில் தப்பும் இல்லை. யாருக்காவது செய்தி போனால், அந்த ஆள் கேட்டுக்கு வந்து போன் பேசி முடிக்கும்வரை அவள் கண் அவர் முகத்திலேயே இருக்கும். முடிந்ததும் "இன்னா ஆச்சு?" மறுநாள் வேலைக்கு வரும்போது மறுபடியும், "அம்மாவுக்கு சுகர் எறங்கிச்சா?" யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யாரை அறையைக் காலி செய்யச் சொல்லி வீட்டுச் சொந்தக்காரர் நெருக்குகிறார், எல்லாம் அவளுக்குத் தெரியும். "பூர்ணிமாவுக்குத் தெரியாம இந்த கேட்டாண்ட ஒரு கொசுகூட உள்ள போவாது" என்பார் காவலர் நடேசன். அவளும் சிரித்துக்கொள்வாளே தவிர, கேட்பதை நிறுத்த மாட்டாள்.

போன ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை. ஆப்பில் ஒரு திருத்தம் போடுவதற்காக நானே அங்கே போயிருந்தேன். டேப்லட்டுகள் சாயங்காலத்துக்குள் திணறிப்போகின்றன, ஒரு செய்திக்கு நான்கு முறை மணி அடிக்கிறது என்று புகார். காரணம் எனக்குத் தெரியும். செய்தித் திரையைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புதிய காது சேர்ந்துகொண்டிருந்தது, பழையது போகவில்லை. அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். ஆப் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை காது வைக்கச் சொன்னேன். திரையை மூடினால் காதை எடுத்துவிடச் சொன்னேன். இரண்டும் தனித்தனியாகச் சரி. சேர்த்து வைத்துப் பார்க்கத்தான் எனக்குப் புத்தி போகவில்லை. மதியம் ஒரு மணிக்குப் போட்டோம். பூர்ணிமாவை ஒரு சோதனைச் செய்தி அனுப்பச் சொன்னேன். எல்லா லைனிலும் மணி ஒரே ஒரு தடவை அடித்தது. நான் சாப்பிடப் போய்விட்டேன்.

மூன்று பத்துக்கு மேசை போன் அடித்தது. நான் பக்கத்து நாற்காலியில் லேப்டாப்போடு இருந்தேன். மறுமுனையில் ஒரு பெண் குரல், அழுகையை அடக்கிக்கொண்டு வேகமாகப் பேசியது எனக்கே கேட்டது. பூர்ணிமா ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள்.

பெயர் கவியா. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமம். அண்ணன் மாசானம் இங்கே நான்காவது லைனில் வேலை. அவளுக்கு அரசு நர்சிங் கல்லூரியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 'வருகிறேன்' என்று இணையத்தில் உறுதி சொல்ல அந்த வியாழக்கிழமைதான் கடைசி நாள். ராத்திரி அறைக்கு வந்ததும் சேர்ந்து முடித்துவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். கீழே சின்ன எழுத்தில் 'மாலை ஐந்து மணி வரை' என்று இருந்ததை இருவருமே பார்க்கவில்லை. இன்றைக்கு இ-சேவை மையத்துக்கு வந்த இடத்தில்தான் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. உறுதி சொல்ல ஓடிபி வேண்டும். விண்ணப்பத்தைப் பதிந்தது, சித்திரையில் ஊருக்குப் போயிருந்த அண்ணன், தன் போனில். ஓடிபி வருவதும் அந்த எண்ணுக்குத்தான். அந்தப் போன் எங்கள் முதுகுக்குப் பின்னால் லாக்கரில் அணைந்து கிடக்கிறது.

"அழுவாத கண்ணு. அந்த சென்டர் நம்பரச் சொல்லு. அண்ணன அனுப்பறேன்" என்று வைத்துவிட்டு, பூர்ணிமா டைப் செய்து அனுப்பினாள். டிக் விழுந்தது.

நான்காவது லைனிலிருந்து கேட்டுக்கு ஆறு நிமிஷ நடை. அவளுக்கு எல்லா லைனுக்கும் இந்தக் கணக்கு மனப்பாடம். மூன்று பதினாறுக்குக் கதவைப் பார்த்தாள். இருபதுக்கு எழுந்து நின்றாள். திரும்ப ஒரு தடவை அனுப்பினாள். அதற்கும் டிக்.

"மேடம், ஆளு வர்ல."

"லைன்ல வேலை ஓடும். மாத்தி விட ஆள் வேணும்ல? வருவான்."

"இப்பிடி விசயம்னா சூப்பர்வைசர் வரதராஜுலு சார் ஒடனே வுடுவாரு. எனக்குத் தெரியும். அவரு பாக்கல."

"டிக் விழுந்திருக்கில்ல?"

"அந்த டிக் பொய் சொல்லுது!" குரல் உயர்ந்துவிட்டது. நடேசன்கூட எட்டிப் பார்த்தார். "இன்டர்காம் அடிச்சா உள்ள சத்தத்துல ஒருத்தருக்கும் கேக்காது. நான் உள்ள போவ முடியாது, என் கார்டுக்குக் கதவு தெறக்காது. உன் பாஸுக்குத் தெறக்கும். எழுந்து போ க்கா. உன் டிசைன அப்புறம் பாத்துக்கலாம்."

அதுவரை மேடம். அன்றைக்குத்தான் முதல் தடவை அக்கா என்றாள், அதுவும் அதட்டலோடு. எனக்குச் சுருக்கென்றது. என் ஆப்பைப் பொய் என்கிறாள். சரி, போய்ப் பார்த்துவிட்டு வந்து நன்றாக நாலு கேள்வி கேட்கிறேன் என்ற வீம்பில்தான் எழுந்தேன். அந்தப் பெண்ணுக்காக எழுந்தேன் என்று சொன்னால் அது பொய்.

உள்ளே போவதென்றால் நீலக் கோட்டு, தொப்பி, தனிச் செருப்பு. எல்லாம் மாட்டிக்கொண்டு நான்காவது லைனுக்குப் போய்ச் சேரும்போது மூன்று நாற்பது. டேப்லட்டைப் பார்த்தேன். எண்ணிக்கைத் திரையில் இருந்தது. மணிக்கு ஒரு தடவை எத்தனை துண்டு முடிந்தது என்று சூப்பர்வைசர் அதில் பதிய வேண்டும். செய்தித் திரையைத் திறந்தேன். காலி. பூர்ணிமா இரண்டு தடவை அனுப்பியதில் ஒன்றுகூட இல்லை.

நடந்தது எனக்கு உடனே புரிந்துவிட்டது. இரண்டு மணிக்கு எண்ணிக்கை போடுவதற்காகச் செய்தித் திரையை மூடியிருக்கிறார்கள். நான் எழுதியபடியே அது காதை எடுத்துவிட்டது. திரும்பத் திறந்தபோது காது வைக்கச் சொல்லி நான் எழுதவே இல்லை. ஆப்பை முழுதாக மூடித் திறந்தால்தான் உண்டு. இரண்டு மணியிலிருந்து அந்தத் தொழிற்சாலையின் எல்லா லைனும் செவிடு. வெளியே அவளுக்கு மட்டும் பச்சை டிக் விழுந்துகொண்டே இருக்கிறது.

சூப்பர்வைசர் வரதராஜுலுவிடம் விஷயத்தைச் சொன்னேன். சத்தத்தில் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மாத்தி உக்கார ஆளு இல்ல மேடம். ரெண்டு பேர் லீவு. நாலு மணி டீ பிரேக்ல அனுப்பறேன்."

"நாலு மணிக்கு உட்டா, அவன் போய் போன் எடுத்து, சைட்டு தொறந்து... ஒரு பொண்ணோட படிப்பு சார்! தப்பு என்னோடது. என் ஆப்புதான் உங்களுக்குச் சொல்லல. எங்க கம்பெனிக்கு என்னப் பத்தி என்ன வேணா எழுதுங்க. இப்ப ஆள விடுங்க."

அவர் ஒரு விநாடி என்னை முறைத்தார். கடுகடுப்பான மனுஷர் என்று பெயர் எடுத்தவர். கையுறையை மாட்டிக்கொண்டு, மூன்றாவது ஸ்டூலில் இருந்த ஒல்லியான பையனின் தோளைத் தட்டினார். "மாசானம், எழுந்திரு. தங்கச்சி போன் பண்ணிக்கீது. மேடம்கூடப் போ. ஓடாத, வேகமா நட." சொல்லிவிட்டு அவரே அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்க ஆரம்பித்தார். அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். மனுஷர் இதைப் படித்தால் இன்னும் முறைப்பார்.

நாங்கள் கேட்டுக்கு வந்தபோது பூர்ணிமா மேசைப் போனைக் காதில் வைத்துக்கொண்டே, லாக்கரைக் கையால் காட்டினாள். மாசானம் அவசரத்தில் திணித்த சாவி துவாரத்தில் நுழையவில்லை. நடேசன் வாங்கித் திறந்தார். போன் உயிர் பெற்று வர எடுத்துக்கொண்ட நேரத்துக்கு நான் அந்தப் போன் கம்பெனியின் வம்சத்தையே திட்டியிருப்பேன். வந்ததும் பழைய ஓடிபிகள் நான்கு வரிசையாக வந்து விழுந்தன. ஒன்றும் செல்லாது. புதிதாகக் கேட்க வேண்டும். கடைசி நாள் என்பதால் இணையதளம் திறக்கவே மாட்டேன் என்கிறது. இ-சேவை மையத்தில் கவியா, இங்கே மாசானம், நடுவில் ஸ்பீக்கரில் மேசைப் போன்.

"சுத்துதுண்ணே, சுத்திக்கிட்டே இருக்குண்ணே."

"சுத்தட்டும்ட்டீ. நீ கையெடுத்துராத."

முதல் ஓடிபியை அவன் படிப்பதற்குள் பக்கம் செத்துவிட்டது. இரண்டாவதில் பதற்றத்தில் ஒரு எண்ணை மாற்றிப் படித்துவிட்டான். இன்னொன்று தவறினால் நாளைதான் முயல முடியும் என்று சிவப்பில் வந்ததாம். பூர்ணிமா போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். "நான் படிக்கிறேன். நீ மூச்சு வுடு." மூன்றாவது ஓடிபி வர நான்கு முப்பத்தாறு ஆயிற்று. ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள். கவியா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள். ஆறு எண். பக்கம் மறுபடியும் சுற்றத் தொடங்கியது.

"வந்துட்டுண்ணே" என்றாள் கவியா. "சேர்க்கை உறுதி செய்யப்பட்டதுன்னு வந்துட்டு." மாசானம் லாக்கர் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். முதுகு மட்டும் குலுங்கியது.

நான் அவனிடம் போய், செய்தி வராமல் போனதற்கு நான்தான் காரணம், மன்னித்துவிடு என்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அதாம் நீங்களே வந்துட்டியள்லாக்கா. பொறவு என்ன?" என்றான். "வாரேன். சார் அங்க என் ஸ்டூல்ல உக்காந்து என்ன பாடு படுதாரோ."

அவன் போனதும் பூர்ணிமா என்னைத் திட்டப் போகிறாள் என்று நின்றேன். அவள் திட்டவில்லை. மேசை நோட்டைப் புரட்டினாள். "அப்ப ரெண்டு மணிலேர்ந்து நான் அனுப்பிச்சது ஒண்ணும் போவல. இன்னும் மூணு பேருக்குச் சொல்லணும் க்கா" என்றாள். மறுபடியும் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, அப்பா ராத்திரி பஸ்ஸில் வருகிறார், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. மூன்றையும் மூன்று பேரிடம் என் வாயாலேயே சொன்னேன். அப்படியே எல்லா டேப்லட்டையும் மூடித் திறந்துவிட்டு வந்தேன்.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காதைத் திரும்ப வைக்கும் இரண்டு வரியை அன்றைக்கே எழுதிப் போட்டேன். அடுத்த வாரம், லைனில் செய்தியைப் பார்த்தவர் 'பார்த்தேன்' என்று தொட்டால், மேசைக்கு மறு ஈவென்ட் வரும்படி செய்தேன். தொட்டால்தான் டிக். பூர்ணிமா மாதக்கணக்கில் கேட்டது அதைத்தான். அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில், பிழை உமாதேவியுடையது, கண்டுபிடித்தது கேட் மேசை பூர்ணிமா என்று பெயர் போட்டே எழுதினேன். மேலாளர் பெயரெல்லாம் எதற்கு என்றார். இருக்கட்டும் என்றேன்.

அன்றைக்கு ஐந்தரை ஆயிற்று. ஷிப்ட் முடிந்து கேட்டில் கூட்டம் நெருக்கியது. எல்லோரும் லாக்கரைத் திறந்து போனை உயிர்ப்பித்துக்கொண்டிருந்தார்கள். மாசானமும் வந்தான். சாதாரணமாக அவன் போனை எடுக்கும் நேரம் அதுதான். எடுத்தவன் நகரவில்லை. எதையோ படித்துக்கொண்டே நின்றான். பிறகு எங்கள் ஜன்னலுக்கு வந்து போனை என்னிடம் நீட்டினான்.

மதியத்திலிருந்து தங்கை அம்மாவின் போனிலிருந்து அனுப்பிய செய்திகள். அப்போது ஓடிபி அவசரத்தில் அவன் எதையும் படிக்கவில்லை. கடைசிச் செய்தி மூன்று நாற்பத்தொன்றுக்கு அனுப்பியது.

'அண்ணே ஆபீஸ்ல சொல்லியும் நீ வரல. உனக்கு வேல இருக்கும். நான் வீட்டுக்குப் போறேன். அடுத்த வருசம் பாத்துக்கிடலாம். அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ ஒண்ணும் நெனைக்காத. மதியம் சாப்பிட்டியா.'

நான் அதை இரண்டு தடவை படித்தேன். மூன்று நாற்பத்தொன்றுக்கு நான் லைனில் காலித் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்தப் பெண் எழுந்துவிட்டிருக்கிறாள்.

"அப்புறம் எப்படிப் போகாம இருந்தா?"

"இந்த அக்கா திரும்பப் போன் பண்ணிருக்காவ" என்று பூர்ணிமாவைக் காட்டினான்.

அவளுக்கு வெட்கமாகிவிட்டது. "இன்னா பண்றது? நீ உள்ள போனதும் என்னால உக்கார முடியல. அந்தப் பொண்ணு இன்னா பண்ணுதோன்னு அடிச்சேன். கெளம்பிட்டேன்க்கான்னு சொல்லுது. நீ மட்டும் அங்கேர்ந்து எழுந்த, வள்ளியூருக்கு பஸ் ஏறி வந்து கால ஒடைச்சிடுவேன்னு சொன்னேன். பயந்துடுச்சு பாவம். நீங்க வர்ற வரைக்கும் போன வைக்காமப் பேசிகினு இருந்தேன்."

"என்ன பேசினே?"

"இன்னாத்தப் பேசறது? அவங்க வூட்ல எத்தினி ஆடு, எத்தினி கோழின்னு கேட்டேன்."

நன்றி என்பது எங்கள் பக்கத்தில் மேடையில் சொல்கிற சொல். நேரில் சொன்னால் கேலி மாதிரி இருக்கும். ஆனாலும் ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அந்தப் பெண்ணுக்காகச் சொன்னேன், எனக்காகவும் சொன்னேன். என் இரண்டு வரிப் பிழையால் ஒருத்தியின் வாழ்க்கையில் ஒரு வருஷம் போயிருந்தால் நான் அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? "அய்ய, இன்னாக்கா நீ" என்று அவள் கையை உருவிக்கொண்டாள். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர்.

மாசானம் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டான். பின்னால் கம்பெனி பஸ்ஸில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவசரப்படவில்லை. தங்கையின் அந்தக் கடைசிச் செய்திக்குக் கீழே ஒரு விரலால் மெதுவாக எழுத்துக் கூட்டி 'சாப்பிட்டேன்' என்று அடித்து அனுப்பினான். அங்கிருந்து பதில் வரும்வரை ஜன்னலோரத்திலேயே நின்றான்.